கண்ணுக்குத் தெரியாத களத்துத் தூசி

அறுவடை எந்திரம் வந்த பிறகு களத்தில் நெல் தூற்றுவது குறைந்துவிட்டது. ஆனாலும் தூற்றிப் பழகியவர்களுக்கு அந்தக் கணக்கு மறக்காது. முறத்திலிருந்து நெல் நேராகக் கீழே விழும். கருக்காய் சற்றுத் தள்ளி விழும். தூள் களத்தின் ஓரத்திற்கே போய்விடும். மூக்கு வழியே உள்ளே போகும் தூசிக்கும் ஏறக்குறைய இதே கணக்குத்தான். எந்தத் தூசி எங்கே போய்த் தங்கும் என்பதை அதன் பருமனே தீர்மானிக்கிறது.

தூசியை மைக்ரான் கணக்கில் அளக்கிறார்கள். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு ஒரு மைக்ரான். ஒரு நெல்மணியின் நீளம் சுமார் 8,000 மைக்ரான். தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். உடம்பெல்லாம் அரிக்க வைக்கும் சுணையும், கண்ணில் விழும் மண்தூளும் பெரும்பாலும் 10 மைக்ரானுக்கு மேற்பட்டவை. இவற்றை மூக்கிலுள்ள மயிரும் சளியும் பிடித்து நிறுத்திவிடும். தும்மல் வரும், தொண்டை கரகரக்கும், சளி கறுப்பாக வரும். தொந்தரவுதான் என்றாலும் இவை நுரையீரலின் அடிவரை போவதில்லை.

10 மைக்ரானுக்குக் குறைந்த தூசி மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடும். அங்கே நுண்ணிய இழைகள் ஓயாமல் அசைந்து, தூசி ஒட்டிய சளியை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். பீடிப் புகை இந்த இழைகளை முடக்குகிறது. வைக்கோல் வேலைக்கு நடுவே பீடி பற்றவைப்பது, காவல் நாயைக் கட்டிப்போட்டுவிட்டுக் களத்தில் நெல்லைக் குவித்து வைப்பதற்குச் சமம்.

2.5 மைக்ரானுக்கும் குறைந்தவை நுரையீரலின் கடைசியிலுள்ள காற்றறைகள் வரை செல்லக்கூடியவை. காற்றறைகளில் தள்ளிவிடும் இழைகள் இல்லை. போனது எளிதில் திரும்பாது. அடுப்புப் புகையும், வயலில் தாள் எரிக்கும் புகையும் பெரும்பாலும் 1 மைக்ரானுக்கும் குறைந்த துகள்களே. ஆகவே விறகடுப்பின் முன் உட்காரும் பெண்களுக்கு இந்தத் தூசி அன்றாடம் உண்டு.

காற்று அசையாத கொட்டகையில் 10 மைக்ரான் தூசி மூக்கு உயரத்திலிருந்து தரையைத் தொடச் சுமார் 8 நிமிடம் போதும். 1 மைக்ரான் தூசிக்குச் சுமார் 12 மணி நேரம் பிடிக்கும். தூசி அடங்கிவிட்டது என்று எண்ணி முகத்தில் கட்டிய துண்டை அவிழ்க்கும்போது, அடங்கியிருப்பது பெருந்தூசி மட்டுமே.

விவசாயிகள் முக்கியமாக அஞ்ச வேண்டியது பூசணம் பிடித்த வைக்கோலைத்தான். குறுவை அறுவடை மழையில் மாட்டிக்கொள்ளும் ஆண்டுகளில் வைக்கோல் சரியாகக் காய்வதில்லை. ஈரத்தோடு போர் போட்டால் உள்ளே சூடேறும். கையை உள்ளே விட்டால் சுடும். இறுக்கிக் கட்டிய எந்திரக் கட்டுகளிலும் இப்படியே. அந்தச் சூட்டில் ஆக்டினோமைசீட் என்னும் நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. அவற்றின் வித்துகள் சுமார் 1 மைக்ரான் அளவுள்ளவை. போரைப் பிரித்து உதறினால் இவை கோடிக்கணக்கில் கிளம்பும். மூச்சோடு சேர்ந்து நேராகக் காற்றறைக்குள் போகும்.

பூசணம் பிடித்த உலர்புல்லைக் கையாண்ட விவசாயிகளுக்கு இதனால் வரும் நோயை இங்கிலாந்தில் காம்ப்பெல் என்ற மருத்துவர் 1932-ல் விவரித்தார். பிறகு அதற்கு 'விவசாயி நுரையீரல்' என்றே பெயர் வந்தது. எல்லோருக்கும் வருவதில்லை, உடம்பு ஒவ்வாதவர்களுக்கு வருகிறது. தூசியில் நிற்கும்போது பெரிய தொந்தரவு தெரியாது. 4 முதல் 8 மணி நேரம் கழித்துத்தான் குளிர், காய்ச்சல், வறட்டு இருமல், மூச்சுத்திணறல் ஆகியவை தோன்றும். காலையில் வைக்கோல் பிரித்தவர் இரவில் நடுங்கிக்கொண்டு படுப்பார். மழையில் நனைந்த காய்ச்சல் என்று வீட்டார் எண்ணுவார்கள். ஓரிரு நாளில் தானே தணிந்தும் விடும். மறுபடி அதே போரைத் தொட்டால் மறுபடி வரும். இவ்வாறு ஆண்டுக்கணக்கில் நீடித்தால் நுரையீரலில் தழும்பு விழுந்துவிடும். அந்தத் தழும்பு மருந்தால் மாறாது; நாலு எட்டு நடந்தாலே மூச்சு வாங்கும்.

ஆகவே வைக்கோலை நன்றாகக் காயவைத்து, தரையிலிருந்து உயர்த்திப் போர் போட வேண்டும். மேலே நீர் இறங்காமல் மூட வேண்டும். மழைக்குத் தப்பாத வைக்கோலைப் பிரிக்க நேர்ந்தால், கொட்டகைக்குள் பிரிக்காமல் வெட்டவெளியில், காற்று முதுகுப்பக்கம் வீசும்படி நின்று பிரிப்பது நல்லது. பிரிக்கும் முன் தண்ணீர் தெளித்தால் தூசி பெருமளவு குறையும். பூசணம் அதிகமாக இருந்தால் மாட்டுக்குப் போடாமல் எருக்குழிக்கு அனுப்பலாம்.

முகத்தில் துண்டு கட்டுவது சுணைக்கு உதவும், வித்துகளுக்கு உதவாது. துணியின் இழை இடைவெளி அவற்றுக்கு அகலத் திறந்த கதவு. கொரோனாக் காலத்தில் பழக்கமான என்-95 முகக்கவசம் 0.3 மைக்ரான் அளவுள்ள துகள்களிலும் நூற்றுக்கு 95-ஐத் தடுக்கக்கூடியது. மூக்கோரம் இடைவெளி இல்லாமல் பொருந்தினால்தான் அந்தப் பலன் கிடைக்கும். துவைத்தால் கெட்டுவிடும்.

வைக்கோல் வேலை செய்த அன்றிரவு காய்ச்சலும் மூச்சுத்திணறலும் வந்தால், மருத்துவரிடம் காய்ச்சல் என்று மட்டும் சொல்லக்கூடாது. அன்று பூசண வைக்கோல் பிரித்ததையும், இதற்குமுன் எத்தனை முறை அப்படி வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.