பாலாற்றங்கரைக் குடிமக்கள் அரசிடம் கேட்கும் கணக்கு

வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கு, தோல் தொழிற்சாலைக் கழிவுநீரை எதிர்த்த வழக்கு என்றே இன்றும் பேசப்படுகிறது. ஆனால் அவ்வழக்கின் பெயரில் எதிர்த்தரப்பாக நிற்பது எந்தத் தொழிற்சாலையின் பெயரும் அல்ல, இந்திய ஒன்றிய அரசின் பெயரே. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை ஆகிய ஊர்களின் குடிமக்கள் கழிவை விட்டவரைக் குறைகூறியதோடு நில்லாமல், கழிவு விடப்படுவதைப் பார்த்துக்கொண்டிருந்த அரசையே கூண்டில் ஏற்றினர் என்பதுதான் அவ்வழக்கின் உயிர்நாடி.

அவ்வட்டாரத்து ஆறான பாலாறு ஆண்டின் பெரும்பகுதியில் வெறும் மணற்படுகையாகக் காட்சியளித்தாலும், அந்த மணலுக்கு அடியில் நீரோட்டம் உண்டு என்பதை அறிந்தே இவ்வட்டார உழவர்கள் ஊற்றுக்கால் வெட்டியும் ஆற்றோரக் கிணறுகளில் இறைத்தும் தலைமுறை தலைமுறையாகப் பயிர் செய்துவந்தனர். அதே இயல்புதான் பின்னாளில் அவர்களுக்குக் கேடாகவும் முடிந்தது. ஆண்டு முழுவதும் ஓடும் ஆற்றில் விட்ட கழிவு ஓரளவேனும் அடித்துச் செல்லப்படும். மணலாற்றில் விட்ட கழிவோ கீழே இறங்கிக் கிணற்றிலேயே தங்கிவிடும்.

தோல் பதனிடுதல் என்பது அழுகக்கூடிய பச்சைத்தோலை அழுகாத பொருளாக மாற்றும் தொழில். முன்பு அதற்கு ஆவாரம்பட்டையும் கடுக்காயும் பயன்பட்டன. 1970-களின் தொடக்கத்தில் சீதாராமையா குழுவின் பரிந்துரையை ஏற்ற ஒன்றிய அரசு, பச்சைத்தோலும் அரைகுறையாகப் பதனிட்ட தோலும் ஏற்றுமதியாவதைக் கட்டுப்படுத்தி, முழுமையாக்கிய தோலையும் தோல் பொருள்களையும் ஊக்குவித்தது. அதன் விளைவாக, வாரக்கணக்கில் நடந்த பட்டைப் பதனீடு பின்தங்கி, குரோமிய உப்பைக் கொண்டு விரைவில் முடிக்கும் குரோம் பதனீடு முன்னுக்கு வந்தது. அந்நியச் செலாவணி பெருகியதும், ஆம்பூரின் காலணித் தொழிற்சாலைகளில் பெண்கள் பெருந்திரளாக வேலை பெற்றதும் அந்தக் கொள்கையின் நற்பயன்கள். அவற்றைக் குறைத்து மதிப்பிடுவது நேர்மையாகாது. ஆனால் தொழிலை இந்தத் திசையில் திருப்பிய அரசு, அதன் கழிவு எங்கே போகும் என்பதற்கு ஓர் ஏற்பாட்டையும் உடன் செய்யவில்லை. நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974-இல் வந்தது. தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியமோ 1982-இல்தான் அமைந்தது.

குரோமியமே செய்திகளில் அதிகம் அடிபட்டாலும், வயலையும் கிணற்றையும் பெரிதும் கெடுத்தது சாதாரண உப்பே ஆகும். உரித்த தோல் கெடாதிருக்க உப்பிட்டு அடுக்கப்படுகிறது. தொழிற்சாலைக்கு வந்தபின் அந்த உப்பை நீக்கத் தோல் நீரில் ஊறவைத்து அலசப்படுகிறது. ஊறல் நீர் வெளியேறும்போது உப்பும் உடன் வெளியேறுகிறது. கழிவிலுள்ள மட்கும் பொருள்களை நுண்ணுயிர்கள் தின்று தீர்த்துவிடும் என்றாலும், உப்பை எந்த நுண்ணுயிரும் தின்பதில்லை. அந்த நீர் பாய்ந்த வயலில் ஈரம் காயக் காய மண்ணின் மேல் வெள்ளையாக உப்புப் பூக்கிறது; விதை முளைப்பதில்லை; முளைத்தாலும் நுனி கருகுகிறது. கழிவுநீரில் கரைந்துள்ள உப்புகளுக்கு வாரியம் விதித்த வரம்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராம். வேறு நீரே கிடைக்காத இடத்தில் குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் பொறுத்துக்கொள்ளும் உச்ச அளவோ 2,000 மில்லிகிராம். ஆகவே வரம்புக்கு உட்பட்ட கழிவுநீரேகூடக் கிணற்றில் சேர்ந்தால் குடிக்க உதவாது என்பதை இவ்விரு எண்களும் காட்டுகின்றன.

வேலூர் வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு அளித்த தீர்ப்பு, தமிழ்நாட்டில் 900-க்கும் மேற்பட்ட தோல் தொழிற்சாலைகள் இருப்பதையும், வேளாண் பல்கலைக்கழக ஆய்வு மையத்தின் முதற்கட்டக் கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ பகுதியாகவோ பயிருக்கு உதவாமற் போனதையும் பதிவு செய்தது. தீங்கு நேருமோ என்ற ஐயம் இருக்கும்போதே, முழுமையான அறிவியல் சான்றுக்காகக் காத்திராமல் தடுக்க வேண்டும் என்னும் முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டையும், கெடுத்தவரே இழப்பீடும் சீரமைப்புச் செலவும் ஏற்க வேண்டும் என்னும் கோட்பாட்டையும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதிகளாக அத்தீர்ப்பு அறிவித்தது. ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்ததுடன், இழப்பைக் கணக்கிட ஓர் ஆணையத்தை அமைக்கவும் ஒன்றிய அரசுக்கு உத்தரவிட்டது.

அப்படி அமைந்த சூழல் இழப்பு ஆணையம் 2001 மார்ச் 7 அன்று தன் முடிவை வழங்கியது. வேலூர் மாவட்டத்தில் 547 தொழிற்சாலைகள் 29,193 பேருக்குச் சுமார் 26.82 கோடி ரூபாய் தர வேண்டும் என்றும், அது 1991 ஆகஸ்ட் 12 முதல் 1998 டிசம்பர் 31 வரையிலான இழப்புக்கு உரியது என்றும் அது தீர்மானித்தது. கோடிக்கணக்கில் சொல்லும்போது பெரிதாகத் தோன்றும் அத்தொகையை வகுத்துப் பார்த்தால் ஒருவருக்குச் சராசரியாகச் சுமார் 9,200 ரூபாய் வருகிறது. ஏழு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட காலத்துக்கு அதைப் பரப்பினால் மாதத்துக்கு நூறு ரூபாய் அளவே தேறுகிறது. கிணறு போனால் பயிரும் மாட்டுக்கு நீரும் வீட்டுக்குக் குடிநீரும் ஒருசேரப் போகின்றன. அதற்கு ஈடாக வந்த தொகை இவ்வளவுதான். 1998-இன் கடைசி நாளோடு கணக்கு நின்றது, உப்பு நின்றுவிடவில்லை.

அரசின் கண்காணிப்பு எந்த அளவில் இருந்தது என்பதற்கு ராணிப்பேட்டையே போதும். தோலுக்கான குரோமிய வேதிப்பொருள் தயாரித்து 1990-களில் மூடப்பட்ட தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் ஆலையின் வளாகத்தில் 1.5 லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட குரோமியக் கழிவு குவிந்துகிடந்தது. மழை பெய்யும்தோறும் அது மஞ்சளாகக் கரைந்தது. அதே ஊரில் 2015 ஜனவரி இறுதியில், மாசைப் போக்குவதற்கென்றே கட்டப்பட்ட பொதுச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றில் கசடு தேக்கிய தொட்டியின் சுவர் இரவில் இடிந்து, அருகே உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் பத்துப் பேர் அந்தக் கசட்டில் மூழ்கி இறந்தனர். அவர்களில் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள். ஒரு தொட்டியில் எவ்வளவு கசடு நிற்கிறது, அதன் சுவர் தாங்குமா என்று உரிய காலத்தில் பார்க்க வேண்டியவர் பார்த்திருந்தால் அந்தப் பத்து உயிர்களும் பிழைத்திருக்கும்.

தோலுக்கும் குரோமியத்துக்கும் பெயர்பெற்ற இன்னொரு பெரிய நாடான சீனாவிலும் இதையொத்த நிகழ்ச்சி உண்டு. யுன்னான் மாகாணத்தின் சூஜிங் நகரப் பகுதியில் 5,000 டன்னுக்கும் மேற்பட்ட குரோமியக் கசடு கொட்டப்பட்டது 2011-இல் தெரியவந்தபோது, ‘இயற்கையின் நண்பர்கள்’ என்னும் தன்னார்வ அமைப்பு வழக்குத் தொடுத்தது. அது சமரசத்தில் முடிய 2020 ஆயிற்று. 2015-இல் அங்கு நடைமுறைக்கு வந்த சுற்றுச்சூழல் திருத்தச் சட்டம், பதிவுபெற்ற அமைப்புகள் மாசுபடுத்தும் நிறுவனங்கள்மீது வழக்குத் தொடுக்க வழிசெய்தது. ஆனால் கடமை தவறிய அரசுத் துறைமீது பொதுநல வழக்குத் தொடுக்கும் உரிமை 2017-இல் அரசு வழக்குத் தொடர்வோர் அலுவலகங்களுக்கே தரப்பட்டது. குடிமக்கள் அமைப்புகளுக்கு இல்லை. ஆலையைக் குறைகூறலாம், அரசைக் குறைகூற முடியாது என்னும் அந்த எல்லைக்கோட்டை வேலூர் மக்கள் 1991-லேயே கடந்திருந்தனர் என்பது பெருமைக்குரியது. கேட்கும் உரிமை இருந்தும் கேட்டது கைக்கு வந்து சேரவில்லை என்பதே இங்குள்ள துயரம்.

2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலாவும் ஆர். மகாதேவனும் அளித்த தீர்ப்பு அந்தத் துயரத்தின் நீளத்தைக் காட்டுகிறது. நிலுவையிலுள்ள இழப்பீட்டை ஆறு வாரங்களுக்குள் மாநில அரசே கொடுத்துவிட்டுப் பின்னர் தொழிற்சாலைகளிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும் என்றும், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரின் தலைமையில் குழு அமைக்க வேண்டும் என்றும் அது ஆணையிட்டது. தீர்ப்பைச் சொல்லிக் கோப்பை மூடிவிடாமல், ஆணை நிறைவேறும்வரை வழக்கைத் தன்னிடமே வைத்துக் கண்காணிக்கும் முறைக்குத் தொடர் கட்டளை என்று பெயர்; நீதிமன்றம் அம்முறையைக் கையாண்டது. கேட்டவர்களில் எத்தனையோ பேர் அதற்குள் முதுமை எய்திவிட்டனர்.

இவ்வட்டாரத்தில் தொழிற்சாலையை மூடிவிட வேண்டும் என்று சொல்வோர் குறைவு. தந்தை கிணற்றை இழந்த வீட்டிலேயே மகள் காலணி தைக்கப் போகிறாள். கழிவை வெளியே விடாமல் சவ்வு வடிகட்டியாலும் ஆவியாக்கும் கலத்தாலும் நீரைப் பிரித்தெடுத்து மீண்டும் பயன்படுத்தும் முறை இப்போது நடைமுறையில் உள்ளது. ஆனால் முடிவில் எஞ்சும் கலப்பு உப்பை வாங்குவாரும் இல்லை, பாதுகாப்பாகப் புதைக்க இடமும் போதவில்லை என்பதால் அது மூட்டைகளாகக் கொட்டகையில் அடுக்கப்படுகிறது. அந்த உப்புக்கு ஒரு வழி காண்பது தனி முதலாளி ஒருவரின் ஆற்றலுக்கு அப்பாற்பட்ட, அரசுக்குரிய வேலை. மீறும் ஆலையை மூடவும் மின்னிணைப்பைத் துண்டிக்கவும் வாரியத்துக்கு 1988 முதல் சட்டப்படி அதிகாரம் உண்டு; அந்த அதிகாரம் ஊராருக்குப் புலப்பட வேண்டுமானால், எந்தக் கிணற்றில் எந்த மாதம் எவ்வளவு உப்பு அளக்கப்பட்டது என்பது வாரியத்தின் கோப்பில் மட்டும் இராமல் ஊராட்சி அலுவலகச் சுவரில் தமிழில் எழுதப்பட வேண்டும். 1998-க்குப் பின்னர் கெட்ட வயல்களின் கணக்கையும் அந்தச் சுவரிலிருந்தே தொடங்கலாம்.