ஜதி முடியும் கணத்தில் ஷட்டர்

மார்கழியில் சென்னை சபாக்களில் பரதநாட்டியம் நடக்கும்போது, முன்வரிசையில் கேமராவோடு ஒரு உறவினராவது உட்கார்ந்திருப்பார். மேடையில் ஆடுவது அவர் மகளாகவோ அண்ணன் பெண்ணாகவோ இருக்கும். வீட்டுக்கு வந்து பார்த்தால் பாதிப் படங்களில் முகம் கலங்கிக் கிடக்கும். கை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மங்கலான இழுப்பு. திட்டு கேமராவுக்கு விழும். அதன் சக்கரம் 'ஆட்டோ'வில் நின்றதை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

வெளிச்சம் குறைந்தால் ஷட்டரைக் கூடுதல் நேரம் திறந்து வைத்துச் சமாளிப்பது ஆட்டோவின் வழக்கம். 1/30 நொடி என்பது கேட்கச் சின்ன நேரம்தான். ஆனால் தட்டடவு ஆடும் காலும் வீசும் கையும் அதற்குள் நல்ல தூரம் நகர்ந்துவிடும். வேகமான ஜதிக்கு 1/250 நொடியாவது வேண்டும். முகம் மட்டும் பேசும் அபிநயப் பகுதிக்கு 1/125 போதும். தீர்மானம் முடிந்து, ஆடுபவர் ஒரு நிலையில் அப்படியே நிற்கும் கணம் ஒன்று உண்டு. தாளம் தெரிந்தவர்கள் அதற்காகவே காத்திருந்து பொத்தானை அமுக்குவார்கள். விலை உயர்ந்த கேமரா வாங்குவதைவிட இது நல்ல பலன் தரும்.

ஷட்டரை 1/30-லிருந்து 1/250-க்குக் கொண்டுபோனால் உள்ளே வரும் ஒளி ஏறக்குறைய எட்டில் ஒரு பங்காகிவிடும். அதை லென்ஸின் திறப்பிலோ (எஃப் எண் சிறிதானால் திறப்பு பெரிது), கேமராவின் ஒளியுணர்வைக் குறிக்கும் ஐஎஸ்ஓவிலோ ஈடுகட்ட வேண்டும். கேமராவோடு வரும் 18-55 எம்எம் லென்ஸை முழுக்க ஜூம் செய்தால் அது எஃப் 5.6-க்கு மேல் திறக்காது. ஐஎஸ்ஓ 1600-ல் 1/30 காட்டிய மேடையில், அந்த லென்ஸோடு 1/250 வேண்டுமானால் ஐஎஸ்ஓ 12800 வரை ஏற வேண்டும். அதே நாற்காலியில் உட்கார்ந்து 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸை மாட்டினால் கிட்டத்தட்ட பத்து மடங்கு ஒளி கிடைக்கும்; ஐஎஸ்ஓ 1600-லேயே வேலை முடிந்துவிடும். கேனான், நிக்கான், சோனி மூன்றிலும் இந்த அளவு லென்ஸ் உண்டு. இரவில் படம் எடுப்பவர் முதலில் வாங்க வேண்டியது இதைத்தான். (மெழுகுவர்த்தி வெளிச்சத்திலேயே காட்சிகளை எடுக்க, ஸ்டான்லி குப்ரிக் 1975-ல் வெளியான 'பேரி லிண்டன்' படத்துக்கு, நாசாவுக்காக சைஸ் நிறுவனம் செய்த எஃப் 0.7 லென்ஸையே பிடித்துவந்தார். சபாவுக்கு அவ்வளவு தேவையில்லை.)

அகலத் திறந்த லென்ஸில் ஒரு சிக்கலும் இருக்கிறது. இரண்டு மீட்டர் தொலைவில் எஃப் 1.8 வைத்தால், தெளிவாக விழும் ஆழம் ஒரு சாண்கூட இருக்காது. நீட்டிய விரல் துல்லியமாகவும் கண் மங்கலாகவும் வருவது இதனால்தான். ஃபோக்கஸ் புள்ளியை கேமராவின் விருப்பத்துக்கு விடாமல் ஒற்றைப் புள்ளியாக்கி, மை தீட்டிய கண்ணிலோ நெற்றிச்சுட்டியின் விளிம்பிலோ வைப்பது நல்லது. கருப்பும் வெளுப்பும் சந்திக்கும் இடம் கிடைத்தால் இருட்டிலும் ஃபோக்கஸ் சட்டென்று பிடிக்கும்.

புதிதாகப் பழகுபவர்களுக்கு, சோனி, நிக்கானில் 'எஸ்' என்றும் கேனானில் 'டிவி' என்றும் போட்டிருக்கும் மோட் வசதியானது. ஷட்டரை 1/250-ல் வைத்து, ஐஎஸ்ஓவை ஆட்டோவில் விட்டு, உச்சவரம்பாக 6400 கொடுத்துவிட்டால் மீதியை கேமரா பார்த்துக்கொள்ளும். ஐஎஸ்ஓ ஏறினால் படத்தில் புள்ளிபுள்ளியாக நாய்ஸ் வரும் என்று பலர் பயப்படுகிறார்கள். அந்தப் பயம் தேவையற்றது. நாய்ஸைப் பிறகு கணினியில் பெருமளவு குறைத்துவிடலாம்; அசைந்து கலங்கிய முகத்தை மீட்பது மிகக் கடினம்.

பின்னால் கருந்திரை, நடுவில் ஒருவர் மேல் மட்டும் விளக்கு. மேடை முழுக்க இருட்டு என்று நினைத்து கேமரா படத்தைத் தேவைக்கு மேல் வெளிச்சமாக்கும். முகம் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்துப்போகும். எக்ஸ்போஷர் காம்பன்சேஷனில் மைனஸ் 1 வைத்தால் முகத்தின் நிறம் திரும்பிவிடும், ஐஎஸ்ஓவும் பாதியாகக் குறையும்.

லென்ஸில் இருக்கும் ஸ்டெபிலைசேஷன் எடுப்பவரின் கை நடுக்கத்தைத்தான் அடக்கும், ஆடுபவரின் அசைவை அல்ல. டியூப்லைட்டும் மலிவு எல்இடியும் எரியும் கல்யாண மண்டபத்தில் வேறொரு தொல்லை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் அந்த விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுக்கும். ஷட்டர் 1/250-ல் இருந்தால் படத்தின் குறுக்கே பட்டைபட்டையாக இருள் விழக்கூடும். அங்கே 1/100-க்கு இறக்குவது உதவும். சில கேமராக்களின் மெனுவில் ஆன்டி-ஃப்ளிக்கர் என்றே ஒரு வசதி இருக்கும்.