யாக்கோபின் கிணறும் சிறுமலையடிவாரமும்

யாத்திரை சென்று மீண்டவரைச் சுற்றி அமர்ந்து கதை கேட்பதில் நம்மவர்க்குள்ள ஆவல் சொல்லி முடியாது. காசிக்குப் போனவராயினும், மக்காவுக்குப் போனவராயினும், எருசலேமுக்குப் போனவராயினும், எங்கள் திண்டுக்கல் மலைக்கோட்டையின் நிழலில் அவர் சொல்வதைக் கேட்க ஆட்களுக்குப் பஞ்சமே இல்லை.

எருசலேம் யாத்திரிகர்கள் மகிழ்ந்து கூறும் செய்தி ஒன்று உண்டு. ஒலிவ மலைமேல் ஒரு கோயில் இருக்கிறது. இயேசுநாதர் சீடர்களுக்குக் கற்பித்த ஜெபத்தை உலகத்துப் பாஷைகள் பலவற்றில் எழுதி அதன் சுவர்களில் பதித்திருக்கிறார்கள். அவற்றுள் தமிழும் ஒன்று. கடல் கடந்த தேசத்தில் தாய்மொழியைக் கண்டவர் உள்ளம் பூரிப்பதில் வியப்பென்ன?

ஆனால் என் மனத்தை அதிகமாய்க் கவர்ந்த ஸ்தலம் வேறு. எருசலேமுக்கு வடக்கே, நாப்லஸ் நகரத்தருகில், கெரிசீம் மலையடியில் யாக்கோபின் கிணறு என்று ஒன்றுண்டு. நூறடிக்கு மேற்பட்ட ஆழமுடைய அக்கிணற்றின்மேல் இன்று கிரேக்க ஆர்த்தடாக்ஸ் சபையாரின் கோயில் நிற்கிறது. ஒரு நாள் நடுப்பகலில், வழி நடந்து களைத்த இயேசுநாதர் அங்கே அமர்ந்தார். தண்ணீர் எடுக்க வந்த சமாரியப் பெண்ணிடம் தாகத்துக்கு நீர் கேட்டார். அவள் திகைத்தாள். யூதர் சமாரியரோடு சம்பந்தம் வைத்துக் கொள்ளாத காலம் அது. என்னிடம் நீர் கேட்கலாமா என்றே அவள் வினவினாள்.

இக்கதையின் பொருளை உணர எங்கள் சீமைக்காரருக்கு உரையாசிரியர் வேண்டியதில்லை. கமலை கட்டி இறைத்த ஆழக் கிணறுகள் நிறைந்த பூமி இது. ஊர்க் கிணற்றில் குடத்தை இறக்கும் உரிமையின்றி, யாரேனும் இரங்கி ஊற்றமாட்டார்களா என்று வெயிலில் காத்து நின்ற சேரிப் பெண்களைப் பற்றி என் பாட்டியார் சொல்லியிருக்கிறார்.

இவ்வெளியைத் தேடி வந்த கிறிஸ்தவ ஊழியர் ஒருவரை இங்கே நினைவுகூர்தல் தகும். அவர் பெயர் ரால்ப் ரிச்சர்ட் கெய்த்தான், அமெரிக்கர். 1925-ஆம் ஆண்டில் மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்து வந்தார். பின்பு கதர் உடுத்தினார். அயல்நாட்டு மிஷனரிகள் அரசியலில் தலையிடலாகாது என்று சர்க்கார் உறுதிமொழி வாங்கிய நாட்கள் அவை. 1930-ல் வைஸ்ராய்க்குக் காந்தியடிகள் எழுதிய கடிதத்தைச் சுமந்து சென்ற ஆங்கில இளைஞர் ரெஜினால்டு ரெய்னால்ட்ஸுக்குக் கெய்த்தான் தம் வீட்டில் இடமளித்தார். அந்த உபசாரமே குற்றமாயிற்று. நாட்டை விட்டுச் செல்ல நேர்ந்தது. திரும்பி வந்தவரை 1944-ல் மீண்டும் வெளியேற்றினார்கள். சுதந்திரம் பிறந்த பின்னர் மறுபடியும் வந்தார். 1947-ல் டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் சிறுமலையடியில் தோற்றுவித்த காந்திகிராமத்தோடு இணைந்து கிராம ஊழியம் புரிந்தார். 1984-ல் மறையும்வரை இந்நாட்டையே தம் நாடாகக் கொண்டார். இந்தியாவில் தாம் வாழ்ந்த வாழ்க்கையை எழுதியபோது, அந்நூலுக்கு யாத்திரை என்றே அவர் பெயரிட்டார்!

ஸ்தலங்களைக் கண்டு திரும்புவதும் யாத்திரைதான். அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆயினும் தாகத்தோடு நிற்பவர் பக்கத்தில் சென்று வாழ்வதும் யாத்திரையே என்று இருமுறை துரத்தப்பட்ட அம்மனிதர் நடந்து காட்டினார்.

இது பழங்கதை என்று சொல்லித் தப்பிக்கவும் நமக்கு வழியில்லை. தீண்டாமையை ஒழித்த அரசியல் சட்டம் அமலுக்கு வந்தது 1950-ல். புதுக்கோட்டை மாவட்டத்து வேங்கைவயலில், தலித் மக்கள் அருந்தும் நீர்த்தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருந்த கொடுமை வெளிப்பட்டது 2022 டிசம்பரில். கமலைகள் மறைந்தன, குழாய்கள் வந்தன, உள்ளத்து அழுக்கு மட்டும் போகவில்லை.

ஆகையால், நேயர்களே, எருசலேம் செல்லும் அன்பர்கள் இனிதே சென்று வரட்டும். யாக்கோபின் கிணற்றையும் எட்டிப் பார்க்கட்டும். ஊர் திரும்பியதும், தம் தெருக் குழாயடியில் யார் முன்னால் நிற்கிறார், யார் ஒதுங்கி நிற்கிறார் என்பதையும் ஒருமுறை பார்த்து வரட்டும். யாத்திரையின் பலன் அங்கேதான் தெரியவரும்.