எரிபொருட்கலத்தின் மென்சவ்வு: மலிவும் உறுதியும்

பூநகரியில் சோளகம் வீசத் தொடங்கினால் பனைகள் ஓய்வதில்லை. மன்னாரிலும் பூநகரியிலுமாக 484 மெகாவோற் காற்றாலைகள் அமைக்கவிருந்த அதானி நிறுவனம் 2025 பெப்ரவரியில் விலகிக்கொண்டது. திட்டங்கள் வரலாம், போகலாம். காற்று இங்கேதான் இருக்கும். ஆனால் காற்று அடங்கிய நாளிலும் விளக்கு எரிய வேண்டுமே!

மிகையான மின்சாரத்தால் நீரைப் பகுத்து ஐதரசனாகச் சேமிப்பது ஒரு வழி. இடையில் சக்தியின் பாதிக்கு மேல் இழக்கப்படும். எனினும் பல வாரங்களுக்கு வைத்திருக்கலாம். தேவையானபோது எரிபொருட்கலம் அந்த ஐதரசனை மீண்டும் மின்சாரமாக்கும். கழிவாக வெளிவருவது நீர்.

இக்கலத்தின் நடுவே, தலைமயிரை விட மெல்லியதாகவும் அமையக்கூடிய ஒரு மென்சவ்வு உண்டு. ஐதரசனிலிருந்து பிரியும் புரோத்தன்களை அது கடக்க விடும், இலத்திரன்களைத் தடுக்கும். அவை வெளிச்சுற்றால் செல்வதே மின்னோட்டம். மறுபுறத்தில் இவை ஒட்சிசனுடன் சேர்ந்து நீராகும்.

1965 இல் ஜெமினி 5 விண்கலம் இவ்வகைக் கலத்துடன் சென்றது. அன்றைய பொலிஸ்டைரீன் மென்சவ்வு விரைவில் சிதைந்தது. பின்பு டுபொன்ட் நிறுவனத்தின் நஃபியன் வந்தது. டெஃப்லோனைப் போன்ற காபன், புளோரீன் சங்கிலியில் சல்போனிக் அமிலக் கூட்டங்கள் இணைந்த பல்பகுதியம் அது. உறுதியானது, ஆனால் விலை அதிகம்.

அதற்கும் ஆயுள் வரையறை உண்டு. நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும், நாளடைவில் வெடிக்கும். கலத்தினுள் உண்டாகும் ஐதரசன் பரொட்சைட்டிலிருந்து பிறக்கும் சுயாதீன மூலிகங்கள் சங்கிலியை அரிக்கும். ஊசித்துளை விழுந்தாலே இரு வாயுக்களும் கலந்து கலம் கெடும். இதைத் தடுக்கச் சீரியம் சேர்க்கிறார்கள். நுண்துளை டெஃப்லோன் படலத்தால் வலுவூட்டுகிறார்கள்.

விலையைக் குறைக்க ஆராயப்படும் பொருள்களில் ஒன்று நமது கரையிலேயே கிடக்கிறது. இறால், நண்டுக் கோதுகளில் உள்ள கைற்றினைக் காரத்தில் பதப்படுத்தினால் கைற்றோசன் கிடைக்கும். வினாகிரியிலுள்ள அசற்றிக் அமிலத்தில் கரைத்து ஊற்றி உலரவிட்டால் அது படலமாகும். மலிவானது, ஆனால் தனித்து நஃபியனளவு புரோத்தனைக் கடத்தாது, நீரில் மிகவும் உப்பும். குறுக்குப்பிணைப்புகளால் இக்குறையைப் போக்க ஆய்வாளர்கள் முயல்கிறார்கள்.

நாச்சிக்குடாக் கரையில் ஒதுக்கப்படும் கோது நாளைய மின்சாரத்துக்கு உதவுமா? விடை இன்னும் முழுமையாகவில்லை. உயர்தரத்தில் இரசாயனவியல் கற்கும் மாணவிக்கும், அவளைக் கற்க வைக்கும் பெற்றோருக்கும் அதில் பங்குண்டு.