புயலும் பழியும்

பூகம்பமோ, புயலோ, வெள்ளமோ ஒரு தேசத்தைத் தாக்கிய மறுநாள், அந்நாட்டுச் சர்க்காருக்கு எதிர்பாராத ஒரு சௌகரியம் உண்டாகிவிடுகிறது. முந்தின நாள் வரையில் மந்திரியையும் அதிகாரியையும் கூண்டிலேற்றிக் கேள்வி கேட்டுக் கொண்டிருந்த ஜனங்கள், அரிசியும் துணியும் சேகரிக்கப் புறப்பட்டு விடுகிறார்கள். பத்திரிகைகளிலும் நிவாரண நிதிக்கே இடம் போதவில்லை. "இந்தச் சமயத்திலா அரசியல் பேசுவது?" என்று ஒருவர் கேட்டுவிட்டால் போதும், மற்றவர்கள் வாயடைத்துப் போகிறார்கள். இதை ஜனங்களின் குற்றமென்று நாம் கூற மாட்டோம். வெள்ளத்தில் தத்தளிப்பவனைக் கரையேற்றிய பிறகே மற்றப் பேச்செல்லாம். ஆனால் கரையேற்றிய பிறகாவது அந்தப் பேச்சு மீண்டும் எழுகிறதா? இக்கேள்விக்கு விடை வேண்டுவோர், வங்காளத்து மிட்னாபூர் ஜில்லாவின் கதையைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும்.

1942 ஆகஸ்டில் தலைவர்களெல்லாம் சிறையில் அடைக்கப்பட்ட பின், போராட்டம் மிகக் கடுமையாக நடந்த ஜில்லாக்களுள் மிட்னாபூர் ஒன்று. செப்டம்பர் 29-ந் தேதி தாம்லுக் நகரில், மூவர்ணக் கொடியை ஏந்தி ஊர்வலத்தின் முன்னே சென்ற மாதங்கினி ஹஸ்ரா என்ற எழுபது வயது கடந்த மூதாட்டி போலீஸாரின் துப்பாக்கிக்கு இரையானார். கிராமங்களில் போலீஸாரும் ராணுவத்தினரும் வீடுகளைக் கொளுத்தினர் என்ற புகார்கள் மலைபோல் குவிந்தன. இவற்றுக்கு யார் பொறுப்பு என்று கேட்க வாயெடுத்த வேளையில், பதினேழே நாட்களில், அக்டோபர் 16-ந் தேதி துர்க்கா பூஜைக் காலத்தில் பெரும் புயல் வந்தது. கடல் பொங்கி 450 சதுர மைல் நிலத்தை விழுங்கிற்று. சுமார் 14,500 மனிதரும் 1,90,000 கால்நடைகளும் மாண்டதாகப் பிற்பாடு பஞ்ச விசாரணைக் கமிஷன் கணக்கிட்டது.

இத்தகைய விபத்தைப் பற்றிய செய்தியையும் உடனே பிரசுரிக்கப் பத்திரிகைகளுக்கு அநுமதியில்லை. எதிரிக்கு உதவியாகிவிடும் என்பது சர்க்கார் சொன்ன சமாதானம். சர்க்காருக்கு இதில் கிடைத்தது இரட்டை லாபம். முதலில் தடையுத்தரவு புயலை மறைத்தது. தடை நீங்கிச் செய்தி வெளிவந்ததும் ஜனங்களின் இரக்கமெல்லாம் நிவாரணத்தின் பக்கம் திரும்பிற்று; துப்பாக்கிப் பிரயோகத்தைப் பற்றிய பேச்சைப் புயல் மறைத்தது.

மறக்க மறுத்தவர்களும் இருந்தார்கள். மாகாண நிதி மந்திரி டாக்டர் சியாமா பிரசாத் முகர்ஜி, மிட்னாபூர் அடக்குமுறையைக் கடுமையாகக் கண்டித்து நவம்பரில் ராஜிநாமாச் செய்தார். பிரதம மந்திரி பஸ்லுல் ஹக், 1943 பிப்ரவரியில், அதிகாரிகளின் நடத்தையைப் பற்றி விசாரணை நடத்துவதாகச் சட்டசபையில் வாக்களித்தார். கவர்னர் ஸர் ஜான் ஹெர்பர்ட் அதற்கு விளக்கம் கேட்டார். மார்ச் மாதம் முடிவதற்குள் ஹக் பதவி இழந்தார். விசாரணை நடக்கவேயில்லை. வழக்கு விசாரணைக்கு வருமுன் பிரதிவாதியே நீதிபதியை வீட்டுக்கு அனுப்பிவிடும் விசித்திரத்தை வேறு எந்த நீதிஸ்தலத்திலும் காண முடியாது!

புயலின் உபயோகம் அத்துடன் தீர்ந்துவிடவில்லை. 1943-ல் வங்காளப் பஞ்சம் வந்தபோது, புயலையும் நெற்பயிர் நோயையும் முக்கிய காரணங்களாகக் காட்டினார்கள். அவை பயிரைக் கெடுத்தது உண்மையே. ஆனால் ஜப்பானியர் கைக்கு அகப்படக் கூடாதென்று கரையோர ஜில்லாக்களில் அரிசியை அப்புறப்படுத்தியதும், ஆயிரக்கணக்கான படகுகளை ஜனங்களிடமிருந்து பறித்ததும் எந்தக் காற்று செய்த வேலை? பஞ்ச நிவாரணச் சட்ட விதிகளின்படி பஞ்சம் என்று பிரகடனம் செய்ய மறுத்ததும் கடல் அலைதானா? 1943-ல் கிடைத்த தானியம் முந்தின ஐந்து வருஷங்களின் சராசரியைவிடச் சுமார் 5 சதவீதமே குறைவு என்றும், பஞ்சமில்லாத 1941-ஐவிட 13 சதவீதம் அதிகம் என்றும் அமர்த்திய சென் 1981-ல் கணக்கிட்டுக் காட்டினார். இறந்தவர்கள் 15 லட்சம் என்றது கமிஷன்; பிற்கால ஆராய்ச்சியாளர் பலர் 30 லட்சத்துக்குக் குறையாது என்கின்றனர். புயலைப் போன்ற சாட்சி அதிகாரிகளுக்கு வேறு கிடைக்காது. அதைக் குறுக்கு விசாரணை செய்ய யாராலும் இயலாதல்லவா?

இதனால், இயற்கையின் சீற்றம் எப்பொழுதும் ஆள்வோரைக் காப்பாற்றும் என்று எண்ணிவிட வேண்டாம். அதே வங்காள விரிகுடா 1970 நவம்பர் 12-ந் தேதி இரவு கிழக்குப் பாகிஸ்தானின் போலாத் தீவையும் அதைச் சூழ்ந்த கரையையும் வாரிக்கொண்டு போயிற்று. மாண்டவர்கள் மூன்று லட்சத்துக்குக் குறைவில்லை. யாஹ்யா கானின் சர்க்கார் மெத்தனமாக இருந்தது. இம்முறை தலைவர்கள் சிறையில் இல்லை. டாக்கா பத்திரிகைகள் வாய் மூடவில்லை. பிணங்களைப் புதைத்தவர்களே, உதவி ஏன் வரவில்லை என்றும் கேட்டார்கள். 1942-ல் மிட்னாபூர்வாசிக்கு இல்லாத வாக்குச்சீட்டும் அவர்கள் கையில் இருந்தது.

நிவாரண வேலைக்குப் போகும் நமது இளைஞர்கள் அரிசி மூட்டையுடன் ஒரு குறிப்புப் புத்தகத்தையும் எடுத்துச் செல்வது நலம். எந்தக் கரை எவர் காண்டிராக்டில் கட்டப்பட்டது, எச்சரிக்கை எப்பொழுது வந்தது, வந்த உதவி எந்தக் கிராமத்தைத் தாண்டிப் போயிற்று என்பதெல்லாம் முதல் வாரத்தில்தான் கண்ணுக்குத் தெரியும். பின்னர் சேறு காய்ந்துவிடும், ரிகார்டுகளும் சரிப்படுத்தப்பட்டுவிடும்.

கிழக்குப் பாகிஸ்தானில் டிசம்பர் 7-ந் தேதி தேர்தல் நடந்தது. பொது ஸ்தானங்கள் 162-ல் அவாமி லீக் 160-ஐக் கைப்பற்றிற்று. புயல் அழித்த கரையோரத் தொகுதிகளில் மட்டும் வாக்கெடுப்பு 1971 ஜனவரிக்கு ஒத்திவைக்கப்பட்டது. அங்கும் ஜனங்கள் அதே தீர்ப்பைத்தான் அளித்தார்கள்.