சிறைக்குள் ஜாதிச் சுவர்

ஒரு மனிதனைச் சிறையிலிடும் அதிகாரம் சர்க்காருக்கு உண்டெனில், உள்ளே அவனுடைய உயிரைக் காக்கும் கடமையும் அதனுடன் பிறந்ததேயாகும். வெளியிலுள்ளவன் பகைவனைக் கண்டால் விலகிப் போகலாம். பூட்டிய அறைக்குள் இருப்பவன் எங்கே போவான்? ஆகையால் எந்தக் கைதியை எங்கே, யாருடன் வைப்பது என்பது அற்ப விஷயமன்று.

1894-ம் வருஷத்துச் சிறைச் சட்டத்தின் 27-வது பிரிவு, ஸ்திரீகளைப் புருஷர்களிடமிருந்தும், 21 வயது நிரம்பாத ஆடவரை மற்றவரிடமிருந்தும், விசாரணைக் கைதிகளைத் தண்டனை பெற்றோரிடமிருந்தும் பிரித்து வைக்க விதித்தது. அதில் ஜாதிக்கு இடமில்லை. ஆயினும், பாளையங்கோட்டை மத்தியச் சிறையில் கைதிகள் ஜாதிவாரியாகத் தனித்தனிப் பகுதிகளில் வைக்கப்பட்டனர். திருநெல்வேலி, தூத்துக்குடி ஜில்லாக்களில் ஜாதிக் கலகங்கள் அதிகம். அவை சிறைக்குள்ளும் மூளாதிருக்கவே இந்த ஏற்பாடு என்று சர்க்கார் தரப்பில் கூறப்பட்டது. 2014-ல் சென்னை ஹைக்கோர்ட்டு அதை அங்கீகரித்தது.

சுப்ரீம் கோர்ட்டு அங்கீகரிக்கவில்லை. 2024 அக்டோபர் 3-ந் தேதி அளித்த தீர்ப்பில், ஜாதி பார்த்துக் கைதிகளைப் பிரிப்பதும் வேலை கொடுப்பதும் அரசியல் சட்டத்துக்கு விரோதமென்றது. சிறைப் பதிவேடுகளிலிருந்து ஜாதிப் பத்தியையே நீக்க உத்தரவிட்டது.

‘கலகம் நேர்ந்தால் யார் பொறுப்பு?’ என்று சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. 2021-ல் அதே பாளையங்கோட்டைச் சிறைக்கு மாற்றப்பட்டு வந்த விசாரணைக் கைதி ஒருவன் சக கைதிகளின் தாக்குதலில் மாண்டான். அபாயம் மெய்யானது. ஆனால் அபாயம் இன்னாரிடமிருந்து வருமென்பதை ஜாதிப் பெயர் சொல்லாது. ஒரே ஜாதியில் பரம்பரைப் பகைவர் உண்டு. வேற்று ஜாதியில் பகையே அறியாதவரும் உண்டு. ‘நீ என்ன ஜாதி?’ என்பதன்று, ‘உனக்கு உள்ளே பகைவர் யார்?’ என்பதே சிறைவாயிலில் கேட்கவேண்டிய கேள்வி. அவன்மேலுள்ள குற்றச்சாட்டு, முன் நடத்தை, வயது, வியாதி, தன்னுயிரைத் தானே மாய்த்துக்கொள்ளும் மனநிலை ஆகிய யாவும் முதல் நாளிலேயே விசாரித்து எழுதப்படவேண்டும். அவ்வப்போது மீண்டும் ஆராயப்படவேண்டும். பகையென்று தெரிந்தால் அவ்விருவரைப் பிரிக்கட்டும். இரண்டு சமூகங்களைப் பிரிக்கவேண்டாம்.

இவ்வாறு செய்யப் போதிய ஆட்களும் பொறுமையும் தேவை. ஜாதியைக் கேட்டு ஒரு கதவைத் திறந்துவிடுவது சுலபம். அந்தச் சுலபத்திற்குப் பந்தோபஸ்து என்று பெயரிடுவது தகாது. ஜாதிச் சுவருக்குள் வருஷக்கணக்கில் வைக்கப்பட்டவன் விடுதலையாகும்போது அந்தச் சுவரையும் சுமந்துகொண்டே ஊர் திரும்புவான். அவனைத் திருத்தியனுப்புவதாகச் சர்க்கார் சொல்லிக்கொள்வதில் பிறகு என்ன பொருளிருக்கிறது?