சோடாபுட்டியே... உன்னைக் கழட்ட மாட்டேன்!

பொத்தேரி ஸ்டேஷன்ல மின்சார ரயில் வந்து நின்னதும், இறங்கி காலேஜ் பக்கம் ஓடுற கூட்டத்தை ஒருநாள் ஓரமா நின்னு பாருங்க. எங்க திரும்பினாலும் கண்ணாடி! அதுல மைனஸ் ஏழரை பவரோட மூச்சிரைக்க ஓடுற ஜீவன் சாட்சாத் நானேதான். மழை பெஞ்சா வைப்பர் வேணும். டீ கிளாஸைத் தூக்கினா எதிர்ல இருக்கிற ஃப்ரெண்டு ஆவியில மறைஞ்சு போவா. ஸ்கூல்லேர்ந்தே 'சோடாபுட்டி' பட்டம் வேற இலவசம்!

போன செமஸ்டர் லீவுல அத்தை ஆரம்பிச்சாங்க. "படிப்பு முடிஞ்சா வரன் பாக்கணும். அதுக்குள்ள லேசர் பண்ணி கண்ணாடிய எடுத்துடு கண்ணு." அம்மா ஒரு படி மேல போய், சீட்டு எடுத்த பணத்தையே தனியா ஒதுக்கி வச்சுட்டாங்க. எனக்கும் ஆசைதான், பொய் சொல்லுவானேன்? 'பத்து நிமிஷ வேலை'ன்னு நம்பி, கண்ணைப் பரிசோதிக்கக் கிளம்பினேன்.

வான்கோழியில் ஆரம்பிச்ச கதை

இந்த லேசருக்கும் நம்ம ஊருக்கும் ஒரு தொடர்பு இருக்கு, தெரியுமா? 1929-ல் மெட்ராஸில் பிறந்து, மெட்ராஸ் பல்கலைக்கழகத்தில் படிச்சவர் ரங்கசாமி சீனிவாசன். அமெரிக்காவில் ஐ.பி.எம். ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை பார்த்தார். 1981-ல் விருந்தில் மிச்சமான வான்கோழித் துண்டைக் கொண்டுவந்து எக்ஸைமர் லேசரைக் காட்டினார். சுத்தியுள்ள திசு கருகாம, செதுக்கின மாதிரி வெட்டு விழுந்துச்சு! அந்தக் கண்டுபிடிப்புக்காக அவருக்கும் உடன் உழைச்ச ஜேம்ஸ் வின், சாமுவேல் ப்ளம் ரெண்டு பேருக்கும் 2013-ல் அதிபர் ஒபாமா தேசிய விருது கொடுத்தார்.

லாசிக்கில் நடக்கிறது இதுதான். கருவிழி மேல மெல்லிசா ஒரு மூடி வெட்டித் திறப்பாங்க. உள்ள இருக்கிற திசுவை லேசரால செதுக்கி, வளைவை மாத்தி, மூடியைத் திரும்ப மூடிடுவாங்க. செதுக்கினது செதுக்கினதுதான். கம்ப்யூட்டர் மாதிரி 'அன்டூ' கிடையாது பாஸ்!

கணக்குல நான் ஃபெயில்!

இன்ஜினீயரிங் மூளை சும்மா இருக்குமா? கணக்கைக் கேட்டு வாங்கிட்டு வந்தேன். நீங்களும் போட்டுப் பாருங்க. செதுக்கும் வட்டத்தோட விட்டத்தை மில்லிமீட்டர்ல எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, பவரால பெருக்கி, மூணால வகுத்தா, எத்தனை மைக்ரான் போகும்னு தோராயமா வரும். 6 மி.மீ. வட்டம், ஏழரை பவர்னா 90 மைக்ரான். மூடிக்கு ஒரு 110. மொத்தம் 200.

சராசரி கருவிழித் தடிமன் சுமார் 540 மைக்ரான். எனக்கு 482தான். கழிச்சா மிச்சம் 282. குறைஞ்சது 250 மிஞ்சணும்கிறது பழைய விதி. 300 இருந்தாத்தான் நிம்மதின்னு சொல்ற டாக்டர்கள் நிறைய. தடிமன்ல 40 சதவிகிதத்துக்கு மேல கை வைக்கிறதும் ஆபத்துக் கணக்குல சேரும். எனக்கு 41-ஐத் தாண்டுது! மெலிஞ்ச கருவிழி உள்ளிருக்கும் அழுத்தம் தாங்காம முன்னால பிதுங்க ஆரம்பிச்சா, கண்ணாடி போட்டாலும் பார்வை தெளியாது.

போதாததுக்கு ஒரே வருஷத்துல என் பவர் அரை ஏறியிருக்கு. ஒரு வருஷமாவது ஏறாம நின்னாத்தான் லேசர் பக்கமே போகணுமாம். "உனக்கு நான் சிபாரிசு பண்ண மாட்டேம்மா"ன்னு டாக்டர் சொல்லிட்டாங்க. மூடி வெட்டாத முறை, கண்ணுக்குள்ள லென்ஸ் வைக்கிற முறைன்னு வேற வழிகளும் இருக்கு. ஆனா அதையும் பவர் நின்ன பிறகு பேசிக்கலாம்னுட்டாங்க.

வேண்டாம்னு சொன்ன நாலு பேர்

சோகத்தோட கேம்பஸுக்கு வந்து விசாரிச்சா, எனக்கு நிறைய கூட்டாளிங்க!

மெக்கானிக்கல் சீனியர் ஒருத்தருக்கு ரயில் ஓட்டணும்னு கனவு. "லாசிக் பண்ணினா கண்ணாடி இல்லாம தேறிடலாம்"னு நினைச்சிருக்கார். ஆனா 2024 உதவி லோகோ பைலட் அறிவிப்புல, லாசிக் செஞ்சவங்களுக்குத் தகுதியே இல்லைன்னு போட்டிருக்கு. அதைப் படிச்சதும் அண்ணன் கப்சிப்.

இ.சி.இ. தோழிக்கு ஏ.சி. லேப்ல உக்கார்ந்தாலே கண்ணு எரியும். மூடி வெட்டும்போது கருவிழி நரம்புகளும் அறுபடுறதால கண் வறட்சி வரும். பலருக்குச் சில மாசத்துல சரியாகும், சிலருக்கு நீடிக்கும். ஏற்கெனவே வறண்ட கண்ணை இன்னும் வறட்ட அவளுக்கு மனசில்லை.

பைக் பார்ட்டி ஒருத்தன் ராத்திரியில ஜி.எஸ்.டி. ரோட்டுல கூடுவாஞ்சேரி வரை போய்வர்றவன். எதிர்ல வர்ற விளக்கைச் சுத்தி வளையம் தெரியலாம்னு கேட்டதுமே கும்பிடு போட்டுட்டான்.

கடைசியா எங்க லெக்சரர் சார். வயசு 45, பவர் மைனஸ் ரெண்டரை. பேப்பர் திருத்தும்போது கண்ணாடியை நெத்திக்கு ஏத்திட்டு ஹாயா படிக்கிறார். லேசர் பண்ணியிருந்தா இந்நேரம் படிக்கத் தனிக் கண்ணாடி வாங்கியிருக்கணும்!

அப்ப லாசிக் மோசமா?

அவசரப்படாதீங்க. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தோட பங்களிப்புல நடந்து 2017-ல் வெளியான ஆய்வுல, 95 சதவிகிதத்துக்கும் மேல பார்வை திருப்தின்னு சொன்னாங்க. அதே ஆய்வுல, முன்னாடி எந்தத் தொல்லையும் இல்லாதவங்கள்ல 40 சதவிகிதத்துக்கு மேல, மூணு மாசம் கழிச்சு வளையம், கூச்சம் மாதிரி ஏதாவது ஒண்ணு புதுசா தெரியுதுன்னும் சொன்னாங்க. ரெண்டும் உண்மை. கண்ணு ஒத்துழைச்சா தாராளமா பண்ணுங்க. ஆனா கருவிழித் தடிமன், அதோட வரைபடம், விழித்திரை, கண் வறட்சி இந்த நாலையும் சோதிக்காம தேதி குறிக்காதீங்க. பண்ணினாலும் விழித்திரை சோதனையை விட்டுடாதீங்க. லேசர் வளைவைத்தான் மாத்தும், நீண்ட கண்ணைக் குட்டையாக்காது.

வீட்டுக்குப் போய் அம்மாகிட்ட ரிப்போர்ட்டைக் காட்டி, கணக்கையும் போட்டுக் காட்டினேன். அரைமணி நேரம் பேசலை. அப்புறம் அவங்களே அத்தைக்கு போன் போட்டாங்க. "கண்ணாடியோட பாக்க வர்றவன் வரட்டும். வராதவனுக்குத்தான் பார்வைக் கோளாறு!"

சீட்டுப் பணம்? அம்மாவுக்கு நாலு வருஷமா தள்ளிப்போட்ட பல் வைத்தியம் ஒண்ணு பாக்கி இருக்கு. எனக்கு அதுல பங்கு ஒரே ஒரு புது ஃபிரேம். சிவப்பு கலர்!